சாடிச் செடியைச் சுற்றும் சின்னக் கொசு

காணியை விட்டு எழும்பிய கமக்காரக் குடும்பம் எதை விட்டு வந்தாலும், பயிர் வைக்கும் பழக்கத்தை விட்டு வருவதில்லை. 1990 ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கை விட்டு வந்தவர்களாகட்டும், 2009 ஆம் ஆண்டில் வன்னியை விட்டு வெளியேறியவர்களாகட்டும், போய் இருந்த இடத்தில் முதலில் தேடியது ஒரு பிடி மண்ணும் ஒரு பேணியும்தான். உறவினர் காணியில் போட்ட கொட்டிலின் ஓரத்தில் பால்மாப் பேணியில் கறிவேப்பிலைக் கன்று நிற்கும். சிரட்டையில் மிளகாய் முளைத்திருக்கும். உரப்பையில் கத்தரி, பழைய வாளியில் வல்லாரை, விறாந்தையில் ஒரு குரோட்டன் என்று வீடு எவ்வளவு சிறிதோ அவ்வளவுக்குச் செடிகள் வீட்டை நெருங்கி வந்துவிடும்.

இப்படி வீட்டோடு ஒட்டிய செடிகளில் ஒரு தொல்லை அடிக்கடி காணப்படுகின்றது. தண்ணீர் ஊற்றப் போனால் மண்ணிலிருந்து சிறிய கறுத்தப் பூச்சிகள் எழும்புகின்றன. கொஞ்ச நேரம் தள்ளாடிப் பறந்து, திரும்பவும் மண்ணிலேயே வந்து அமர்கின்றன. மாலையில் விளக்கைச் சுற்றியும், யன்னல் ஓரத்திலும், சில வேளை சாப்பாட்டுக் கோப்பையிலும் வந்து விழுகின்றன. “இது நுளம்பா? பிள்ளைகளைக் கடிக்குமா? என்ன மருந்து அடிக்கலாம்?” என்பவையே தாய்மார் கேட்கும் கேள்விகள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுவோம். இது நுளம்பு அல்ல. கடிக்காது. மனிதருக்கு நோயைக் கொண்டு வருவதும் இல்லை. ஆனால் இளம் நாற்றுக்கு இதனால் கேடு உண்டு. அந்தக் கேட்டைச் செய்வது நாம் காணும் பூச்சி அல்ல. மண்ணுக்குள் இருக்கும் அதன் புழு. அந்தப் புழுவை அங்கே வாழ வைப்பது மண்ணில் தேங்கி நிற்கும் ஈரம். இந்த மூன்றையும் விளங்கிக்கொண்டால் மருந்துக் கடைக்குப் போகும் தேவை பெரும்பாலும் வராது.

இதனை அடையாளம் காண்பது எப்படி?

எமது ஊர்களில் பழத்தை மொய்க்கும் பூச்சியையும் கொசு என்போம். கண்ணுக்கு முன் பறக்கும் சிறு பூச்சியையும் கொசு என்போம். எனவே இங்கே சொல்லப்படும் பூச்சியைப் பூஞ்சணக் கொசு என்று அழைப்போம். பழைய பாணில் பூக்கும் பூஞ்சணத்தின் இனத்தைச் சேர்ந்தவை ஈர மண்ணிலும் வளரும். அவற்றை உண்டு வாழ்வதால் இதற்கு இந்தப் பெயர் பொருந்தும். விஞ்ஞானிகள் இதனைச் சியாரிடே என்னும் குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். சாடிகளிலும் நாற்றுமேடைகளிலும் அதிகம் காணப்படுவது பிரடிசியா என்னும் இனம்.

வளர்ந்த பூச்சி 2 தொடக்கம் 4 மில்லிமீற்றர் நீளமானது. ஏறக்குறைய ஓர் எள்ளின் அளவு என்று சொல்லலாம். உடல் மெலிந்து கறுத்திருக்கும். கால்கள் நீளமானவை. தலையில் மணி கோத்தாற்போன்ற இரண்டு நீண்ட உணர்கொம்புகள் உண்டு. பூதக்கண்ணாடி கிடைத்தால் இறகைப் பாருங்கள். இறகின் நரம்பொன்று கெற்றப்போல் கவட்டையைப் போல இரண்டாகப் பிரிந்திருக்கும். பறப்பதில் இது வல்லமை இல்லாதது. பெரும்பாலும் மண்ணின் மேல் ஓடித் திரியும்.

இதனோடு மாறாட்டம் செய்யக்கூடிய வேறு ஐந்து பூச்சிகள் உண்டு. ஒவ்வொன்றும் பிறக்கும் இடம் வேறு என்பதால், பெயர் பிழைத்தால் பரிகாரமும் பிழைத்துவிடும்.

நுளம்பு: இரத்தம் குடிப்பதற்கு நீண்ட ஊசி போன்ற வாய் உண்டு. பிறப்பது மண்ணில் அல்ல, தேங்கிய நீரில்.

பழக் கொசு: மண்ணிறமானது, கண்கள் பெரும்பாலும் சிவந்திருக்கும். பழுத்து அழுகும் வாழைப்பழத்திலும் மாம்பழத்திலும் மொய்க்கும்.

வடிகால் பூச்சி: உடலிலும் இறகிலும் மயிர் அடர்ந்து, சின்ன அந்துப்பூச்சி போலத் தோன்றும். குளியலறைச் சுவரிலும் கழிவுநீர்க் குழாயடியிலும் அமர்ந்திருக்கும்.

பாசிக் கொசு: பூஞ்சணக் கொசுவைப் போலவே ஈரச் சாடியில் காணப்படும். ஆனால் உடல் தடித்து, உணர்கொம்பு குட்டையாக, இறகில் வெளிறிய புள்ளிகளோடு இருக்கும். மண்ணின் மேல் படரும் பச்சைப் பாசியை உண்ணும். வேரைத் தின்பதில்லை.

வெள்ளை ஈ: வெண்ணிறமானது. மண்ணில் அல்ல, இலையின் கீழ்ப்புறத்தில் இருக்கும். செடியைத் தட்டினால் மா தூவியது போல எழும்பும். தக்காளியில் இலைச்சுருள் நோயைப் பரப்புவது இதுவே.

பூச்சி எங்கிருந்து எழும்புகின்றது என்பதை ஒரு நாள் பொறுமையாக அவதானித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மண்ணிலிருந்து எழும்பி, கறுத்து மெலிந்து, நீண்ட காலோடு ஓடுமானால் அது பூஞ்சணக் கொசுவே.

மண்ணுக்குள் நடப்பது என்ன?

பெண் பூச்சி ஈரமான மண்ணின் மேற்பரப்பில், உக்கிய இலைகுழை உள்ள இடம் பார்த்து முட்டையிடும். ஒரு பூச்சி நூறுக்கு மேலும் இடக்கூடும். வெப்பநிலை 24 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும்போது முட்டை ஏறக்குறைய 3 நாட்களில் பொரிக்கும். வெளிவரும் குடம்பி, அதாவது புழு, சுமார் 10 நாட்கள் மண்ணில் தின்று வளரும். பின்னர் கூட்டுப்புழுவாகி ஏறக்குறைய 4 நாட்களில் பூச்சியாக வெளிவரும். முட்டையிலிருந்து பூச்சி வரை 17 நாட்கள். வெப்பநிலை மாறினால் இந்தக் கணக்கும் சற்று மாறும். வளர்ந்த பூச்சியோ ஏறக்குறைய ஒரு கிழமைதான் உயிரோடு இருக்கும்.

இந்தக் கணக்கை மனதில் வைத்திருப்பது நல்லது. நாம் கையால் அடித்துக் கொல்லும் பூச்சி தன் வாழ்நாளின் கடைசிக் கிழமையில் இருப்பது. அது இட வேண்டிய முட்டையை அநேகமாக இட்டிருக்கும். அதன் பிள்ளைகள் மண்ணுக்குள் இருக்கின்றன. நுளம்புத்திரி கொளுத்தியும் புகை போட்டும் பறக்கும் பூச்சியை விரட்டலாம். மூன்றாம் நாள் புதிய பூச்சிகள் மண்ணிலிருந்து வந்துவிடும்.

புழு கண்ணாடி போல வெளிறியது. கால்கள் இல்லை. தலை மட்டும் பளபளக்கும் கறுப்பு. முழு வளர்ச்சியில் 6 மில்லிமீற்றர் வரை இருக்கும். பெரும்பாலானவை மண்ணின் மேல் இரண்டு மூன்று அங்குலத்துக்குள்ளேயே வாழும். அதிகமாக இருக்கும்போது, சிறு நத்தை ஊர்ந்தது போன்ற மினுங்கும் கோடுகள் மண்ணின் மேல் தெரியும்.

செடிக்கு வரும் கேடு

புழுவின் முதல் உணவு பூஞ்சணமும் உக்கும் இலைகுழையும்தான். காட்டிலும் தோட்டத்திலும் இவ்வகைப் பூச்சிகள் குப்பையை மண்ணாக்கும் வேலைக்குத் துணை நிற்கின்றன. ஆகவே இவற்றைப் பிறவிப் பகைவன் என்று சொல்ல முடியாது. ஒரு சிறிய பேணிக்குள் புழு பெருகி உணவு போதாமல் போகும்போதுதான் வேர்மயிரையும் இளவேரையும் தின்னத் தொடங்குகின்றது. சில வேளை தண்டின் அடியையும் குடையும்.

நன்கு வேரூன்றிய தேசிக்கன்றோ செவ்வரத்தையோ இதைத் தாங்கிக்கொள்ளும். தாங்க மாட்டாதவை இரண்டு: இப்போதுதான் முளைத்த நாற்றும், இன்னும் வேர் பிடிக்காத தடியும். மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுகள் ஈரமான மண்ணில் நின்றபடியே வாடும், இலை மஞ்சளாகும், வளர்ச்சி நின்றுவிடும். இந்தப் பூச்சியும் புழுவும் பிதியம், பியூசேரியம் போன்ற நோய்ப் பங்கசுகளை ஒரு சாடியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டு செல்லவும் கூடும். நாற்றின் அடி அழுகிச் சரிந்து விழும் நோய் அவற்றால் வருவது. நாற்றழுகலும் கொசுவும் ஒன்றாக வருவது தற்செயல் அல்ல. இரண்டுக்கும் அழைப்பு அனுப்புவது அதே ஈரம்தான்.

இங்கேதான் பெரிய ஏமாற்றம் நடக்கின்றது. நாற்று வாடுவதைக் காணும் தாய், தண்ணீர் போதவில்லை என்று எண்ணி இன்னும் ஒரு செம்பு ஊற்றுகிறாள். வேர் இல்லாத செடியால் அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியாது. புழுவுக்கோ அது விருந்து. வாடிய நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றுமுன் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். மண் காய்ந்து செடி வாடினால் தாகம். மண் நனைந்திருக்கச் செடி வாடினால் வேரில் நோய்.

தோட்டத்து மண்ணும் பேணி மண்ணும்

ஆண்டாண்டு காலமாகத் தோட்டம் செய்தவர்களுக்கு இப்படி ஏன் நேர்கின்றது? கைப்பழக்கம் தோட்டத்துக்கு உரியதாகவும் செடி பேணியில் இருப்பதாகவும் அமைந்துவிட்டதே காரணம். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் துலா இறைத்த காலத்திலும், பின்னர் பம்பு வைத்து இறைத்த காலத்திலும், பாத்தி நிரம்பத் தண்ணீர் கட்டினோம். மேல்மண் குடித்தது போக மிச்சத்தைக் கீழ்மண் இழுத்துக்கொண்டது. பேணிக்குக் கீழ்மண் இல்லை. தண்ணீர் அடியில் வந்து நின்றுவிடுகின்றது.

இதனை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். சட்டி கழுவும் நீள்சதுரப் பஞ்சு ஒன்றை நன்றாக நனைத்துக் கிடையாகப் பிடியுங்கள். வடிய வேண்டிய நீர் வடிந்து நின்றுவிடும். இப்போது அதே பஞ்சை நெடுக்காக நிமிர்த்திப் பிடியுங்கள். இன்னும் கொஞ்சம் நீர் வடியும். பஞ்சு மாறவில்லை; உயரம் மாறியது. அவ்வாறே ஆழம் குறைந்த பாத்திரத்தின் மண் முழுவதும் ஈரமாகவே நிற்கும். ஆழமான பாத்திரத்தின் மேல்மண் விரைவில் உலரும். அடியில் கல் போட்டால் நீர் வடியும் என்று பலர் நம்புகிறார்கள். கல் போடுவதால் மண்ணின் ஆழம் குறைகின்றது. ஈரம் நிற்கும் பகுதி வேருக்குக் கிட்ட வருகின்றது. கல்லை விடுத்துத் துளையைப் பெரிதாக்குங்கள்.

இருக்கின்றதா என்று சோதிக்கும் வழி

ஒரு சிறு துண்டு பச்சை உருளைக்கிழங்கு போதும். தோலைச் சீவி, ஓர் அங்குலத் துண்டாக வெட்டி, வெட்டிய முகம் மண்ணில் படும்படி சற்று அழுத்தி வையுங்கள். மூன்று நாட்களின் பின் எடுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். புழு இருந்தால் கிழங்கைத் தின்ன வந்திருக்கும். கறுத்தத் தலையைக் கண்டால் சந்தேகம் வேண்டாம். அந்தத் துண்டைப் புழுவோடு எரித்துவிட்டுப் புதிய துண்டு வைக்கலாம். நாற்று வைத்திருக்கும் பத்துப் பேணிகளில் இரண்டு மூன்றைச் சோதித்தாலே நிலைமை தெரிந்துவிடும்.

செய்ய வேண்டியவை

1. மேல்மண்ணை உலர விடுங்கள். சுட்டுவிரலின் முதற் கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் ஒட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். மேல் ஓர் அங்குலம் உலர்ந்தால் முட்டையும் இளம்புழுவும் தப்பிப் பிழைப்பது கடினம். இதுவே முதன்மையான பரிகாரம். மற்றவை எல்லாம் இதற்குத் துணை. முளைக்கும் விதையும் மிக இளம் நாற்றும் நெடுநேரம் காயக் கூடாது. அவற்றுக்குச் சிறிது சிறிதாகத் தெளித்து, நல்ல வெளிச்சமும் காற்றும் படும் இடத்தில் வையுங்கள்.

2. காலையில் ஊற்றுங்கள். மாலையில் ஊற்றிய நீர் இரவு முழுவதும் மேல்மண்ணில் நிற்கும். பேணியை ஒரு தட்டில் நீர் விட்டு அரை மணி நேரம் வைத்து, கீழிருந்து குடிக்கச் செய்யலாம். பின்னர் தட்டின் நீரைக் கட்டாயம் ஊற்றிவிட வேண்டும். டெங்கு நோயைப் பரப்பும் நுளம்பு பெருகும் இடங்களில் பூச்சாடித் தட்டும் ஒன்று. அதன் முட்டை தட்டின் சுவரில் ஒட்டியிருக்குமாதலால் கிழமைக்கு ஒரு முறை தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். 2016 ஆம் ஆண்டில் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் சான்றளிக்கப்பட்டது. டெங்கு அப்படிப் போய்விடவில்லை.

3. துளை இல்லாத பாத்திரத்தில் செடி வைக்காதீர்கள். பேணியின் அடியில் ஆணியால் நான்கைந்து துளை இடுங்கள். நிலத்தில் படாமல் இரண்டு ஓட்டுத் துண்டின் மேல் தூக்கி வையுங்கள்.

4. நன்கு உக்கிய எருவையே பாவியுங்கள். பாதி உக்கிய கூட்டெருவும் பச்சை மாட்டெருவும் பூஞ்சணத்துக்கும் கொசுவுக்கும் உணவு. உக்கிய கூட்டெரு சூடாக இராது. மண் மணம் வரும். இலை இலையாகத் தெரியாது. தும்புத்தூள் மட்டும் நிரப்பினால் ஈரத்தை நெடுநாள் பிடித்து வைக்கும். அதனோடு உமிக்கரியும் பருமணலும் கலந்தால் காற்றோட்டம் கிடைக்கும். தேயிலைச் சக்கை, அரிசி கழுவிய நீர், காய்கறித் தோல் ஆகியவற்றைப் பேணியின் மேல் கொட்டும் பழக்கத்தை விடுங்கள். அவற்றுக்கு உரிய இடம் கூட்டெருக் குழி.

5. விதைக்கு முன் கலவையைச் சுத்தப்படுத்துங்கள். வெறும் கலவையின் மேல் கொதிநீர் ஊற்றி, வடிந்து ஆறிய பின் விதைக்கலாம். நேரம் இருப்பவர்கள் ஈரக் கலவையை நிறமற்ற பொலித்தீனால் மூடி, நல்ல வெயிலில் சில வாரங்கள் வைக்கலாம். நாற்றுமேடையில் வைக்கோலும் உமியும் அடுக்கி எரிக்கும் பழைய முறையும் இதே பயனைத் தருவது.

6. மஞ்சள் பொறி வையுங்கள். மஞ்சள் நிறப் பிளாஸ்ரிக் மூடி அல்லது தட்டில் கிறீஸ் அல்லது ஆமணக்கெண்ணெய் பூசி மண்ணுக்குக் கிட்ட வையுங்கள். மஞ்சள் நிறத்தை நாடி வரும் பூச்சி ஒட்டிக்கொள்ளும். பொறி மட்டும் தொல்லையைத் தீர்க்காது. ஆனால் நாளுக்கு நாள் எண்ணிக்கை குறைகின்றதா என்று காட்டும்.

7. மூன்று கிழமை பொறுத்திருங்கள். தண்ணீரைக் குறைத்த மறுநாளும் பூச்சி பறக்கும். ஏற்கெனவே மண்ணில் வளர்ந்துவிட்டவை வெளிவந்தே தீரும். 17 நாள் கணக்கு முடியும் வரை கைவிடாதிருந்தால் எண்ணிக்கை தானாக இறங்கும். நான்காம் நாளில் மனம் சோர்ந்து பழைய பழக்கத்துக்குத் திரும்பினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

மேலும் உதவி தேவைப்பட்டால் வேப்பங்கொட்டை இருக்கின்றது. பருப்பை இடித்து, ஒரு லீற்றர் நீருக்கு 50 கிராம் வீதம் ஓர் இரவு ஊறவிட்டு வடித்து மண்ணில் ஊற்றலாம். அதில் உள்ள அசாடிரக்டின் என்னும் பொருள் புழு தோல் கழற்றி வளர்வதைக் குழப்பும். முதலில் இரண்டு செடிக்கு மட்டும் ஊற்றிப் பார்த்து, தீங்கில்லை என்று கண்ட பின் மற்றவற்றுக்கு ஊற்றுங்கள். 1976 ஆம் ஆண்டில் நெகேவ் பாலைவனத்தில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு வகைப் பற்றீரியா நுளம்புக் குடம்பியையும் பூஞ்சணக் கொசுவின் குடம்பியையும் கொல்லக்கூடியது. அது கிடைக்குமா என்று உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேட்டுப் பாருங்கள். இலை தின்னும் புழுவுக்கென விற்கப்படும் அதன் உறவுவகை இதற்குப் பயன்படாது.

வயல் மருந்தை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்

கொசு தொல்லை பொறுக்காமல் வயலுக்கு அடித்த மருந்தின் மிச்சத்தைச் சாடியில் ஊற்றுவதும், குருணை மருந்தை மண்ணில் தூவுவதும் சில இடங்களில் நடக்கின்றன. இதனை நாம் வன்மையாகத் தடுக்க விரும்புகிறோம். சமைப்பதும் உண்பதும் பிள்ளைகள் உறங்குவதும் ஒரே அறையில் நடக்கும் வீட்டில், கையெட்டும் தூரத்தில் நஞ்சு கலந்த மண் இருப்பது எத்தனை ஆபத்து! அந்தப் பேணியில் வளர்வது இன்னும் இரண்டு கிழமையில் சோற்றோடு சேரப் போகும் கீரை அல்லவா?

ஒரு காலத்தில் கமக்காரர் சாதாரணமாகக் கையாண்ட மொனோகுரோட்டோபொஸ், மெத்தாமிடோபொஸ் ஆகிய மருந்துகள் 1995 ஆம் ஆண்டிலும், என்டோசல்பான் 1998 ஆம் ஆண்டிலும் இந்நாட்டில் தடை செய்யப்பட்டன. அவை மனித உயிர்களைப் பறித்தமையே காரணம். கடிக்காத, நோய் பரப்பாத ஒரு பூச்சிக்காக அத்தகைய பொருட்களை வீட்டுக்குள் அழைப்பது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதற்கு ஒப்பாகும்.

காளான் வளர்ப்போர் கவனத்துக்கு

சிப்பிக் காளான் செய்கையில் ஈடுபட்டுள்ள குடும்பங்களுக்கு இந்தப் பூச்சி இன்னும் முக்கியமானது. காளானும் பங்கசு இனமே. பையில் வெண்ணூலாகப் படரும் காளான் இழையைப் புழு தின்றுவிடும். கொட்டிலின் வாசலுக்கும் யன்னலுக்கும் நுண்ணிய வலை அடியுங்கள். அறுவடை முடிந்த பைகளைக் கொட்டில் ஓரத்தில் குவிக்காமல் அன்றே தூரக் கொண்டுபோய்க் கூட்டெருக் குழியில் மூடுங்கள். அந்தப் பழைய பைகளை நாற்றுப் பேணிகளுக்குக் கிட்ட வைத்தால் இரண்டு இடத்திலும் கொசு பெருகும்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று முன்னோர் சொன்னது தண்ணீருக்கும் பொருந்தும். ஒரு பேணி நாற்று அற்பமாகத் தோன்றலாம். சொந்தக் காணி கையில் இல்லாத குடும்பத்துக்கு அதுதான் இந்தப் போகத்தின் தோட்டம். பத்து மிளகாய் நாற்றுப் பிழைத்தால் பல மாதக் கறிக்குக் காசு மிச்சம். ஆகவே நாளைக் காலை செம்பை எடுக்குமுன் விரலை மண்ணில் வைத்துப் பாருங்கள். ஈரம் ஒட்டினால், செம்பை இறக்கி வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.